காட்டு நெல்லும் வைரசு நோயும்: ‘எதிர்ப்பு இனம்’ என்றால் என்ன?

காலபோகப் பயிர் மஞ்சளடித்துத் திட்டுத் திட்டாகக் கருகத் தொடங்கினால் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மூன்று சொற்கள் ஒன்றாகவே புழங்கும்: தத்தி, வைரசு, எதிர்ப்பு இனம். கடையில் “இது தத்தி தாங்கும்” என்று சொன்ன விதை, வீடு வந்து சேரும்போது “நோயே வராத விதை” ஆகிவிடுகிறது. காட்டுப் புல்லோடு கலந்து எடுத்த புதிய இனம் என்று பத்திரிகையில் வந்தால், “அப்ப இது மரபணு மாத்தின நெல்லோ?” என்பது அடுத்த கேள்வி. வரம்போரத்தில் நிற்கும் களைநெல்லைக் காட்டி, “இதிலயும் அந்தக் குணம் இருக்குமோ?” என்று கேட்பவரும் உண்டு. மூன்றுமே நியாயமான சந்தேகங்கள். ஆனால் அவற்றுக்கு ஒரே பதில் கிடையாது.

யார் யாரைத் தாக்குகிறார்கள்?

நெல்லின் வைரசு நோய் ஒன்றில் மூன்று தரப்புகள் இருக்கின்றன.

1. வைரசு. தானாக நகராது, தானாகப் பெருகாது. பயிரின் கலத்துக்குள் நுழைந்து, அந்தக் கலத்தின் இயந்திரங்களைக் கொண்டே தன்னைப் பிரதி எடுக்கும்.

2. நோய்க்காவி. வைரசைச் சுமந்து செல்லும் பூச்சி. கபிலத் தத்தி (அறக்கொட்டியான் என்று நம் பக்கத்தில் சொல்வது) புற்குட்டை நோய், கந்தல்குட்டை நோய் என்ற இரண்டு வைரசு நோய்களைக் காவும். துங்ரோ நோயைக் காவுவது பச்சைத் தத்தி.

3. பயிர்.

தத்தி சாறு குடித்தே ஒரு வயலை எரித்துவிட முடியும். அதற்கு வைரசு தேவையில்லை. வட்ட வட்டமாகக் காய்ந்து, அடிமட்டையில் பூச்சி மொய்த்திருந்தால் அது தத்தியின் நேரடி வேலை. புற்குட்டை நோய் வேறு மாதிரி. பயிர் காயாது, உயராமல் குறுகி நிற்கும், மட்டம் (அடியிலிருந்து கிளைக்கும் பக்கத்தண்டு) மட்டும் அளவுக்கு மீறி வெடிக்கும், இலை ஒடுங்கி வெளிறித் துருப்புள்ளி விழும். தூரத்தில் பார்த்தால் நெல் என்றே தெரியாது, புல்லுக்கற்றை போல இருக்கும். நோயின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். கதிர் வந்தாலும் அதில் மணி பிடிப்பது அருமை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், எதிர்ப்பு என்ற சொல்லின் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. பூச்சியை எதிர்க்கும் பயிர் ஒன்று. வைரசை எதிர்க்கும் பயிர் இன்னொன்று. தத்தி நன்றாகக் குடித்துக் கொழுக்கும் ஒரு பயிர் புற்குட்டை வைரசை மறுக்கலாம். தத்தியே அண்டாத பயிரை, பக்கத்து வயலில் நோய்ப்பயிர் குடித்துவிட்டு வந்த ஒரு தத்தி ஓரிரண்டு குத்தில் நோயாளி ஆக்கலாம். இரண்டு எதிர்ப்பும் ஒரே இனத்தில் இருக்கலாம், ஆனால் அவை தனித்தனி மரபணுக்கள், தனித்தனியாகத் தேடிச் சேர்க்கப்பட்டவை.

வைரசு நோய்க்கு மருந்தடிப்பு என்று ஒன்று இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். நாம் அடிப்பது தத்திக்கு. நோய் ஏறிய பயிரை எந்தப் போத்தலும் திருப்பித் தராது. அதனால்தான் எதிர்ப்பை விதைக்குள்ளேயே வைக்கும் வழியை ஆராய்ச்சியாளர் தேடினார்கள்.

வீட்டுநெல்லில் இல்லாதது காட்டில் ஏன் இருக்கிறது?

நெல்லும் ஒரு புல். கோதுமையும் சோளமும் குரக்கனும்கூடப் புற்குடும்பம்தான். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதன் காட்டுநெல்லிலிருந்து தனக்குப் பிடித்ததைப் பொறுக்கினான்: மணி உதிராதது, ஒரே நேரத்தில் முளைப்பது, வாலில்லாதது, சோறுக்கு ருசியானது. ஒவ்வொரு பொறுக்கலிலும் பெரும்பகுதி வெளியே தள்ளப்பட்டது. தள்ளப்பட்டதில் என்னென்ன நல்ல குணங்கள் போயின என்று அன்று யாருக்கும் தெரிய வழியில்லை.

வெளியே நின்றுவிட்ட காட்டுப்புல்லுக்கு மருந்தடிக்க ஆளில்லை. வைரசு வந்தால் தாங்கியது விதை விட்டது, தாங்காதது மறைந்தது. அந்தச் சல்லடை இன்றுவரை ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. வைரசைத் தாங்கும் புற்களில் சில, வைரசை உள்ளே வைத்துக்கொண்டே பச்சையாக நிற்பவை. பயிரில்லாத மாதங்களில் நோய்க்குத் தங்குமடம் அவைதான். ஆக வரம்போரப் புல்லை மருந்துச்செடியாக மட்டும் பார்த்தாலும் பிழை, களையாக மட்டும் பார்த்தாலும் பிழை.

6,000 மாதிரிகளில் ஒன்று

1960களின் இறுதியில் புற்குட்டை நோய் தென்கிழக்காசியாவில் பரவியது. பிலிப்பைன்சின் லொஸ் பாஞோசில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தன் சேமிப்பில் இருந்த நெல் மாதிரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, நோய் சுமந்த தத்தியை விட்டுச் சோதித்தது. 6,000க்கும் மேற்பட்ட மாதிரிகள். பயிரிடும் நெல்லில் ஒன்றுகூடத் தேறவில்லை.

தேறியது ஒரே ஒரு காட்டு மாதிரி: இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒறைசா நிவாரா. வட மொழியில் காட்டுநெல்லுக்கு ‘நீவாரம்’ என்று பெயர். தமிழ் அகராதிகளிலும் அந்தச் சொல் உண்டு. தாவரவியல் பெயர் அதிலிருந்தே பிறந்தது. அந்த மாதிரியிலும் எல்லா விதைகளும் தேறவில்லை, சில செடிகள்தான் தாங்கின. முழு ஆசியாவுக்குமான மருந்து ஒரு பிடி விதையில் சில மணிகளுக்குள் இருந்தது.

குருதேவ் சிங் குஷ் தலைமையிலான இனவிருத்திக் குழு அந்தச் செடிகளை நிறுவனத்தின் சொந்த ஐ.ஆர். வரிசை நெல்லோடு கலந்தது. எதிர்ப்பைக் கட்டுப்படுத்துவது ஒரே ஒரு ஆட்சியான மரபணு என்பது அதிர்ஷ்டம். அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், குணம் வெளியே தெரியும். 1974இல் ஐ.ஆர். 28, 29, 30 வெளிவந்தன, 1976இல் ஐ.ஆர். 36. சுமார் 110 நாளில், நம் மூன்றரை மாத இனங்களின் கணக்கில் விளையும் அந்த ஐ.ஆர். 36, 1980களில் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் ஹெக்டேரில் விதைக்கப்பட்டது. குஷ் 1996இல் ஹென்றி பீச்சலுடன் சேர்ந்து உலக உணவுப் பரிசு பெற்றார்.

கலப்பது எப்படி: பருவம் பருவமாக

காட்டுநெல்லை நல்ல நெல்லோடு கலந்தால் நல்ல குணம் மட்டும் வருவதில்லை. உதிரும் மணி, நீண்ட வால், படர்ந்து விழும் தண்டு, மாதக்கணக்கில் முளைக்காமல் உறங்கும் விதை எல்லாம் சேர்ந்தே வரும். நமக்கு வேண்டியது ஒரு மரபணு. வந்து சேர்வது ஆயிரக்கணக்கில். வேண்டாததைக் கழிக்கும் வழிதான் மீள்கலப்பு.

1. குடலைப் பருவம் தாண்டிக் கதிர் வெளிவரும்போது, நல்ல நெல்லின் பூவிலிருந்து ஆண் பகுதியை ஊசிமுனைக் கத்தரியால் அகற்றி, காட்டுநெல்லின் மகரந்தத்தை இடுவார்கள். பிறக்கும் முதல் தலைமுறையில் காட்டின் பங்கு 50 வீதம்.

2. அதை மீண்டும் அதே நல்ல நெல்லோடு கலந்தால் சராசரியாக 25 வீதம்.

3. மீண்டும் கலந்தால் 12.5 வீதம், அடுத்ததில் 6.25 வீதம். ஆறாவது மீள்கலப்பில் ஒரு வீதத்துக்கும் கீழே.

4. ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றுகளுக்கு நோய்த்தத்தியை விட்டு, தாங்கியதை மட்டும் அடுத்த சுற்றுக்கு எடுப்பார்கள். இல்லாவிட்டால் காட்டுப் பங்கு கழியும்போது தேடிய மரபணுவும் கழிந்து போய்விடும்.

5. பிறகு தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டுப் பல தலைமுறை நிலைப்படுத்தி, பல மாவட்டங்களில் பரீட்சார்த்தமாக விதைத்து, கடைசியில் வெளியீடு.

வருடத்துக்கு இரண்டு போகம் என்று கணக்குப் பார்த்தால் பத்து வருடம் பெரிய காலமல்ல. “ஆராய்ச்சி நிலையத்தில நல்ல நெல் ஒன்று இருக்காம், ஏன் தரமாட்டினம்?” என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்தப் பட்டியலில் இருக்கிறது. மீதிப் பாதி விதைநெல் பெருக்கத்தின் கதை, அது இங்கே வேண்டாம்.

மூன்றாவது படியில் உள்ள வீதங்கள் சராசரி மட்டுமே. தேடிய மரபணுவுக்குப் பக்கத்தில் அதே நிறமூர்த்தத்தில் (மரபணுக்கள் வரிசையாக அமைந்திருக்கும் இழையில்) உட்கார்ந்திருக்கும் கெட்ட குணம் எளிதில் பிரியாது. எதிர்ப்பு வரும் இடத்தில் உதிர்வும் ஒட்டிக்கொண்டு வந்தால், இரண்டுக்கும் நடுவே நிறமூர்த்தம் முறிந்து மாறிய ஒரு நாற்றைக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கான நாற்றுகளைப் பார்க்க வேண்டியிருக்கும். இப்போது டீ.என்.ஏ. குறியீடுகள் அந்த வேலையைச் சுருக்குகின்றன. இலையில் ஒரு துண்டை எடுத்துப் பரிசோதித்தால், தத்தி விடாமலே எந்த நாற்றில் மரபணு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆட்சியான மரபணுவுக்கு இந்த வழி சுகம். பின்னடைவான மரபணுவுக்கு அப்படியல்ல. தாய் தந்தை இரு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் குணம் தெரியும். துங்ரோ நோயில் பங்குபெறும் இரண்டு வைரசுகளில் ஒன்றுக்கான எதிர்ப்பு இந்த வகை. வைரசு தன் புரதத்தைச் செய்யப் பயிரின் ஒரு புரதத்தை இரவல் வாங்க வேண்டும். அந்தப் புரதத்தின் வடிவம் சற்று மாறிய நெல்லில் வைரசின் சாவி பூட்டுக்குப் பொருந்தாது. பழைய பூட்டு ஒன்று மிச்சமிருந்தாலும் கதவு திறந்துவிடும், அதனால்தான் இரண்டும் மாறியிருக்க வேண்டும்.

இது மரபணு மாற்றிய நெல்லா?

இல்லை. மேலே சொன்னதில் நடந்தது மகரந்தம் பூவில் விழுந்ததுதான். குறியீட்டுப் பரிசோதனை டீ.என்.ஏ.யைப் படிக்கிறது, எதையும் செருகுவதில்லை.

மரபணு மாற்றம் எப்படி இருக்கும் என்பதற்கு ஹவாயின் பப்பாசியைப் பார்க்கலாம். வளையப்புள்ளி வைரசு அங்கே தோட்டங்களை அழித்தபோது, அதே வைரசின் உறைப்புரத மரபணுவை ஆய்வுகூடத்தில் பப்பாசிக்குள் செலுத்தி, 1998இல் கமக்காரருக்கு விதை கொடுத்தார்கள். அங்கே மரபணு வந்தது வைரசிடமிருந்து, கலப்பால் ஒருபோதும் வர முடியாத வழியில். அது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். காட்டுநெல்லிலிருந்து மீள்கலப்பில் வந்த நெல்லை அந்த விவாதத்துக்குள் இழுப்பது பொருத்தமில்லை. ஒரு நெல்லைக் கையில் எடுத்துவிட்டு ‘இது எப்படி வந்தது’ என்று கண்ணால் சொல்ல முடியாது என்பதால்தான் வதந்திக்கு இவ்வளவு இடம் கிடைக்கிறது.

நெல்லுக்கு எளிது, கோதுமைக்குக் கடினம்

நெல்லுக்கும் நிவாராவுக்கும் 24 நிறமூர்த்தங்கள். இரண்டும் ஒரே வகை நிறமூர்த்தத் தொகுதி, தாவரவியலாளர் ஏ.ஏ. என்று குறிப்பது. அவை தயக்கமின்றிச் சோடி சேரும். இலங்கையிலேயே இருக்கும் ஒறைசா ரைசோமற்றிஸ், ஒறைசா ஐக்கிஞ்சரி என்ற காட்டுநெல் இரண்டும் வேறு தொகுதி, சி.சி. என்று குறிப்பது. அவற்றோடு கலந்தால் கரு நடுவழியிலேயே வாடும், அதை வெட்டி எடுத்துப் போசணைக் கூழில் வளர்க்க வேண்டும். வளர்ந்த செடியும் பெரும்பாலும் மலடு. இருந்தும் சி.சி. தொகுதியைச் சேர்ந்த ஒறைசா ஒஃபிசினாலிசிலிருந்து கபிலத் தத்தியை எதிர்க்கும் மரபணுக்களை எடுத்திருக்கிறார்கள்.

கோதுமையின் சங்கடம் இன்னும் பெரிது. அதன் 42 நிறமூர்த்தங்களில் ஒன்றில் இருக்கும் ஒரு மரபணு, அந்நிய நிறமூர்த்தத்தோடு சோடி சேர்வதைத் தடுக்கும் காவற்காரன். கோதுமையையும் தாக்கும் வாற்கோதுமை மஞ்சட்குட்டை வைரசுக்கு எதிர்ப்பு தினோபைரம் இன்டர்மீடியம் என்ற கோதுமைப்புல்லில் இருந்தது. அதன் நிறமூர்த்தத் துண்டு ஒன்றைக் கோதுமையில் ஒட்டவைக்க இழைய வளர்ப்பு தேவைப்பட்டது. அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் அப்படிச் செய்து காட்டினார்கள். அதே புல்லின் இன்னொரு மரபணுவோடு, கோதுமைக் கோட்டுத் தேமல் வைரசைத் தாங்கும் மேஸ் என்ற இனம் 2007இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் வெளிவந்தது.

அந்த மரபணுவுக்கு ஒரு பலவீனம் உண்டு. 20 பாகை செல்சியசுக்கு அண்மையில் உறுதியாக நிற்கும். 25 பாகையைத் தாண்டினால் தளர்ந்துவிடும். நம்மிடம் கோதுமை விளைவதில்லை என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. குளிரறையில் தேறிய எதிர்ப்பு, சிறுபோகத்து வன்னி வெயிலில் தேறுமா என்பது எந்த இனத்துக்கும் கேட்க வேண்டிய கேள்வி. வேறு நாட்டில் தேறிய இனத்தைப் பரந்தனில் மறுபடி விதைத்துப் பார்ப்பது வெட்டிவேலை அல்ல என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

எதிர்ப்பு ஏன் உடைகிறது?

ஐ.ஆர். 36இன் நிவாரா மரபணு புற்குட்டை வைரசைப் பல ஆண்டு நிறுத்தி வைத்தது. ஆனால் 1980களின் தொடக்கத்தில் பிலிப்பைன்சில் அதே வைரசின் இன்னொரு வடிவம் தோன்றியது. இந்த மரபணுவை அது மதிக்கவில்லை. அதற்கு முன்பே, 1970களின் பிற்பாதியில், அதே தத்தி காவும் கந்தல்குட்டை நோய் வந்துவிட்டது. புற்குட்டையைத் தடுக்கும் மரபணுவுக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தமில்லை.

தத்தி எதிர்ப்பின் கதை இன்னும் வேகமானது. 1973இல் வந்த ஐ.ஆர். 26இன் எதிர்ப்பை இரண்டு மூன்று வருடத்தில் தத்தி தாண்டிவிட்டது. இலங்கையிலும் இந்தியாவிலும் இருக்கும் தத்தி தொடக்கத்திலிருந்தே வேறு வகை. ஐ.ஆர். 26, ஐ.ஆர். 36 இரண்டின் தத்தி எதிர்ப்பு மரபணுக்களும் தென்னாசியத் தத்தியிடம் எடுபடவில்லை. அதனால்தான் பத்தலகொட ஆராய்ச்சி நிலையம் கேரளத்துப் பட்டாம்பியின் பி.டி.பி. 33 என்ற நெல்லிலிருந்து எதிர்ப்பை எடுத்து பி.ஜி. 379-2 போன்ற இனங்களை உருவாக்கியது. ‘உலகப் புகழ் பெற்ற எதிர்ப்பு இனம்’ என்ற சொல்லை நம்பி விதை வாங்குவதில் இருக்கும் ஆபத்து இதுதான். எந்த ஊர்த் தத்தி, எந்த வடிவ வைரசு என்று சேர்த்துச் சொல்லாத எதிர்ப்பு அரைச்செய்தி.

உடைவதை நாமே வேகப்படுத்தும் வழிகளும் இருக்கின்றன.

1. ஒரே இனத்தை ஒரு குளத்தின் கீழ் முழுப்பரப்பிலும் போகம் தவறாமல் விதைப்பது. வைரசும் தத்தியும் தாண்ட வேண்டிய மதில் ஒன்றே ஒன்று ஆகிவிடுகிறது.

2. ஏக்கருக்கு அளவுக்கு மீறிய புசல் விதைத்து, யூரியாவைக் கொட்டுவது. நெருங்கிய, சாறு மிகுந்த பயிரின் அடியில் தத்தி பெருகும்.

3. தொடக்கத்திலேயே பரந்த வீரியப் பீடைநாசினி அடிப்பது. தத்தியைத் தின்னும் சிலந்தியும் முட்டையைத் தின்னும் நாவாய்ப்பூச்சியும் முதலில் சாகும்; தத்தி திரும்பி வரும்போது எதிரி இல்லை. 1986இல் இந்தோனேசியா நெல்லுக்கு 57 பீடைநாசினிகளைத் தடை செய்தது இந்த அனுபவத்தால்தான்.

4. அறுவடைக்குப் பிறகு கட்டையிலிருந்து துளிர்த்த பயிரை அப்படியே விடுவது. புற்குட்டை வைரசு தத்தியின் முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. புதிதாகப் பொரித்த குஞ்சு நோய்ப்பயிரைக் குடித்தால்தான் காவியாகும். ஆகவே இரண்டு போகத்துக்கும் நடுவே பச்சை இல்லாத இடைவெளி இருந்தால் சங்கிலி அறும். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புத் திகதியை ஒன்றாக்கச் சொல்வது தண்ணீர்க் கணக்குக்கு மட்டும் அல்ல.

நம் குளக்கரையில் நிற்பது

இலங்கையில் ஐந்து காட்டுநெல் இனங்கள் உண்டு: நிவாரா, ரூஃபிபோகன், ஐக்கிஞ்சரி, ரைசோமற்றிஸ், கிரானுலாற்றா. இவற்றில் ரைசோமற்றிஸ் உலகிலேயே இந்தத் தீவுக்கு மட்டும் உரியது; 1990இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. மண்ணுக்கடியில் கிழங்கு போன்ற தண்டு வைத்து உலர் வலயத்தின் நீண்ட வரட்சியைக் கடக்கும். நிவாராவும் உலர் வலயத்துச் செடிதான். மாரியில் தண்ணீர் ஏறி, கோடையில் வற்றும் குளவிளிம்பு, பள்ளம், வாய்க்கால் ஓரம் அதற்குப் பிடித்த இடம். சிறு குளங்கள் நிறைந்த வன்னி அப்படிப்பட்ட விளிம்புகளால் ஆனது.

வயலுக்குள் நிற்கும் களைநெல் வேறு. அது பெரும்பாலும் பயிர்நெல்லே திரும்பிக் காட்டுக்குணம் பெற்றது, அல்லது பயிருக்கும் காட்டுக்கும் பிறந்த கலப்பு. அதைப் பிடுங்குவதில் தயக்கம் வேண்டாம். விதைநெல்லோடு கலந்தால் அடுத்த போகம் முழுக்கத் தலைவலி. குளவிளிம்பில் வால் நீண்டு, மணி கறுத்து, தொட்டால் உதிரும் நிவாரா அதுவல்ல. அது விளிம்பில் நிற்கும்வரை யாருக்கும் கெடுதல் செய்வதில்லை.

கன்னொறுவையில் இருக்கும் தாவர மரபணு வள நிலையம் காட்டுநெல் விதைகளைக் குளிரில் சேமிக்கிறது. அது வேண்டும். ஆனால் குளிரறை விதை, சேகரித்த ஆண்டோடு நின்றுவிடுகிறது. குளக்கரைச் செடி ஒவ்வொரு மாரியிலும் புதிய தத்தியையும் புதிய வைரசையும் சந்தித்துச் சலிக்கப்படுகிறது. உத்தரப் பிரதேசத்து மாதிரியில் சில செடிகள் மட்டும் தேறியதை நினைத்தால், ஒரு குளத்தில் எடுத்த கைப்பிடி விதை பக்கத்துக் குளத்துக்குப் பதிலாக நிற்காது. குளம் தூர்வாரும்போது பெக்கோ இயந்திரம் முதலில் இறங்கும் இடம் அந்த வற்றும் விளிம்புதான். அணைக்கட்டைப் பலப்படுத்த மண் எடுப்பதும் அங்கேயிருந்துதான்.